சவுண்ட் கார்டே ரேடியோ: குறைந்த செலவில் ஒரு எஸ்டிஆர் கட்டுவது எப்படி?

மேசைக் கணினியின் பின்பக்கத்தில் வரிசையாகச் சில வண்ண ஓட்டைகள் இருக்கும். பச்சையில் ஸ்பீக்கர் செருகியிருப்பீர்கள், இளஞ்சிவப்பில் மைக். நீலத்தை யாரும் சீண்டுவதில்லை. லைன்-இன் எனப்படும் அந்த நீல ஓட்டையில் நானும் பல வருடம் தூசியைத்தான் சேர்த்துவைத்திருந்தேன். இப்போது அதுதான் என் ரேடியோ.

சவுண்ட் கார்டு செய்கிற வேலை ஒன்றே ஒன்று. உள்ளே வரும் மின்னழுத்தத்தை விநாடிக்கு 48,000 தடவை அளந்து எண்களாக எழுதிக்கொடுக்கும். அது மைக்கிலிருந்து வருகிறதா, மொட்டைமாடிக் கம்பியிலிருந்து வருகிறதா என்பது அதற்குத் தெரியாது. எண்ணாகிவிட்டால் போதும், ட்யூன் செய்வது, வடிகட்டுவது, பேச்சைப் பிரித்தெடுப்பது எல்லாம் மென்பொருளின் பாடு. இதைத்தான் சாஃப்ட்வேர் டிஃபைன்டு ரேடியோ, சுருக்கமாக எஸ்டிஆர் என்கிறார்கள்.

"யுஎஸ்பியில் செருகும் ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் என்ற தயார் ரேடியோ கடையிலேயே கிடைக்கிறதே, எதற்கு இந்தப் பாடு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். விமானப் பேச்சு, எஃப்எம், செயற்கைக்கோள் என்று மேலே உலாவ ஆசையென்றால் டாங்கிளையே வாங்குங்கள். சவுண்ட் கார்டு அந்தப் போட்டிக்கே வராது. ஆனால் அந்த டாங்கிள் ஒவ்வோர் அளவையும் 8 பிட்டில் எழுதுகிறது, சவுண்ட் கார்டு 16 அல்லது 24 பிட்டில். பலத்த சிக்னலுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய சிக்னலைப் பிடிக்க இந்த வித்தியாசம் உதவும். இன்னொன்று, டாங்கிளில் எல்லாம் கறுப்பு ஐசிக்குள் அடக்கம். நாமே சால்டர் வைத்துக் கட்டினால் எந்தப் பாகம் எதற்கு இருக்கிறது என்று கைக்கே தெரிந்துவிடும்.

முதல் மாலை: வெறும் கம்பிச் சுருள்

உடனே ஐசி வாங்கக் கிளம்ப வேண்டாம். ஒரு ஐசிகூட இல்லாமல், சவுண்ட் கார்டால் மட்டும் கேட்கக்கூடிய நிலையங்கள் இருக்கின்றன. அதில் ஒன்று திருநெல்வேலி மாவட்டத்திலேயே இருக்கிறது.

விஜயநாராயணம் அருகே உள்ள ஐஎன்எஸ் கட்டபொம்மன் கடற்படைத் தளம் நீர்மூழ்கிக் கப்பல்களோடு தொடர்புகொள்ள விஎல்எஃப் எனப்படும் மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில் ஒலிபரப்புகிறது. 1990இல் தொடங்கப்பட்ட நிலையம் அது. விடிஎக்ஸ் என்ற அதன் சிக்னலை 18.2 கிலோஹெர்ட்ஸில் பார்க்கலாம். உயர் அதிர்வெண் அலைகள் கடல்நீருக்குள் நுழைந்த உடனே செத்துவிடும். இவ்வளவு தாழ்ந்த அலையால்தான் சில மீட்டர் ஆழமாவது இறங்க முடியும். நமக்கு அதில் என்ன லாபம் என்றால், விநாடிக்கு 48,000 தடவை அளக்கும் கார்டு 24 கிலோஹெர்ட்ஸ் வரை பார்க்கும். 18.2 அதற்குள்ளேயே விழுந்துவிடுகிறது.

ஆன்டெனாவுக்கு 25 மீட்டர் லேன் கேபிள் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு 1 மீட்டர் அளவில் மரச் சட்டம் ஒன்று அடித்து, கேபிளை அதில் 6 சுற்று சுற்றுங்கள். கேபிளுக்குள் 8 கம்பிகள் இருக்கின்றன அல்லவா? முதல் கம்பியின் முடிவை இரண்டாவதின் தொடக்கத்தோடு, இரண்டாவதின் முடிவை மூன்றாவதின் தொடக்கத்தோடு என்று வரிசையாகச் சால்டர் செய்யுங்கள். 6 சுற்று 48 சுற்றாகிவிடும். மிஞ்சும் இரண்டு முனைகளில் ஒன்றை 3.5 மி.மீ. பிளக்கின் நுனிக்கும், மற்றொன்றை அதன் தரைப் பகுதிக்கும் கொண்டுபோங்கள். நுனிக்குப் போகும் கம்பியில் 1 மைக்ரோஃபாரட் பாலியெஸ்டர் கெப்பாசிட்டர் ஒன்று தொடராக இருக்கட்டும். மைக் ஓட்டையில் கார்டே ஒரு சிறு டிசி மின்னழுத்தம் தரும், அது சுருள் வழியாக ஷார்ட் ஆகாமல் இருக்கத்தான் இது.

இதற்கு மட்டும் மைக் ஓட்டை போதும், தனி மைக் ஓட்டையுள்ள லேப்டாப்பும் போதும். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். விண்டோஸில் ஸ்பெக்ட்ரம் லேப் என்ற இலவச மென்பொருள் இதற்கென்றே செய்ததுபோல் இருக்கும். அது வேண்டாமென்றால் ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் 48,000 வேகத்தில் ஒரு நிமிடம் பதிவு செய்து, அதிர்வெண்களைக் கோடுகளாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் காட்சிக்கு மாற்றிப் பாருங்கள். 18.2இல் ஒரு கோடு தெரிந்தால் அது விஜயநாராயணம். 19.8இல் தெரிந்தால் மேற்கு ஆஸ்திரேலியாவின் நார்த் வெஸ்ட் கேப்பில் உள்ள கடற்படை நிலையம், 1 மெகாவாட் ராட்சசன்.

கோடு உண்மையில் ரேடியோதானா, வீட்டு எல்இடி பல்பின் சேட்டையா? சட்டத்தைத் திருப்பிப் பாருங்கள். சட்டத்தின் விளிம்பு நிலையத்தை நோக்கும்போது சிக்னல் பலமாக இருக்கும், அகன்ற முகம் நோக்கும்போது மறைந்துவிடும். சென்னையிலிருந்து விஜயநாராயணம் தெற்கு-தென்மேற்கில் இருக்கிறது, ஆஸ்திரேலியா தென்கிழக்கில். இரண்டு கோடுகளும் வெவ்வேறு திசையில் மங்கினால் சந்தேகமே வேண்டாம். நிலையங்கள் சில நேரம் ஓய்வில் இருக்கும், எதுவும் தெரியாவிட்டால் மறுநாள் பாருங்கள். சூரியன் உதிக்கும்போதும் மறையும்போதும் கோட்டின் பலம் மாறுவதைக் கவனிக்கத் தொடங்கினால், அடுத்த கட்டத்துக்குப் போகவே மனம் வராது. நானே ஒரு மாதம் அங்கேயே நின்றுவிட்டேன்.

எந்த சவுண்ட் கார்டு?

இனி இரண்டு காதுள்ள கார்டு வேண்டும், அதாவது ஸ்டீரியோ உள்ளீடு. இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். லேப்டாப்பின் ஹெட்செட் ஓட்டையில் உள்ளே போவது ஒரே மைக் வழி, அது மோனோ. மலிவான யுஎஸ்பி ஒலி அடாப்டர்களில் பெரும்பாலானவையும் அப்படித்தான், அட்டையில் ஸ்டீரியோ என்று போட்டிருந்தாலும் அது வெளியே போகும் ஒலிக்கு மட்டும். நான் முதலில் அப்படி ஒன்றை வாங்கி, ஒவ்வொரு நிலையமும் திரையில் இரண்டிரண்டாகத் தெரிகிறதே என்று பலகையைப் பிரித்துப் பிரித்து இரண்டு மாலைகளைத் தொலைத்தேன். பலகையில் ஒரு குறையும் இல்லை.

வாங்கியதும் ஆடாசிட்டியில் ஸ்டீரியோவாகப் பதிவு செய்துகொண்டே பிளக்கின் இடது கம்பிக்கு மட்டும் கைபேசியிலிருந்து பாட்டைக் கொடுங்கள். இரண்டு தடத்திலும் ஒரே அலை வந்தால் கார்டு மோனோ. மேசைக் கணினியின் நீல லைன்-இன் நன்றாக வேலை செய்யும். பெஹ்ரிங்கர் யூசிஏ202 போன்ற எளிய யுஎஸ்பி பெட்டியும் சரி, ஆனால் அது 48 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். 96 அல்லது 192 தரும் கார்டு இருந்தால் அவ்வளவு அகலமான பட்டையை ஒரே பார்வையில் பார்க்கலாம்.

விண்டோஸின் ஒலி அமைப்பில் இரைச்சல் குறைப்பு, எதிரொலி நீக்கம் போன்ற மெருகேற்றும் வசதிகள் அனைத்தையும் அணைத்துவிடுங்கள். மனிதக் குரலுக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு அவை நம் சிக்னலைத் தின்றுவிடும்.

ஏன் இரண்டு காது?

7 மெகாஹெர்ட்ஸில் ஹாம்கள் எனப்படும் அமெச்சூர் ரேடியோக்காரர்கள் பேசுவதைக் கேட்க வேண்டும். கார்டுக்கு அவ்வளவு உயரம் எட்டாது. ஆகவே 7.0805 மெகாஹெர்ட்ஸில் நாமே ஒரு அலையை உண்டாக்கி, வருகிற சிக்னலோடு கலந்தால் இரண்டின் வித்தியாசம் கிடைக்கும். 7.0740இல் உள்ள நிலையம் 6.5 கிலோஹெர்ட்ஸாகக் கீழே இறங்கிவிடும். நாம் கட்டப்போகும் பலகைக்கு இந்த இறக்கிவைக்கும் வேலை மட்டும்தான்.

சிக்கல் என்னவென்றால், 7.0870இல் உள்ள நிலையத்துக்கும் வித்தியாசம் அதே 6.5தான். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழும். திருவிழாவில் ராட்டினத்தைப் பக்கவாட்டில், விளிம்பு மட்டும் தெரியும்படி நின்று பாருங்கள். தொட்டில் மேலே போகிறது, கீழே வருகிறது. முன்பக்கமாகச் சுற்றுகிறதா பின்பக்கமாகவா என்று சொல்ல முடியாது. தொட்டில் எவ்வளவு முன்னே பின்னே போகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். அதுபோல ஒரே சிக்னலை 90 பாகை இடைவெளியில் இரண்டாகப் பிரித்து, ஒன்றை இடது தடத்திலும் மற்றொன்றை வலது தடத்திலும் கொடுத்தால் மேலே உள்ள நிலையம் எது, கீழே உள்ளது எது என்று மென்பொருள் பிரித்துவிடும். இந்த இரண்டுக்கும் ஐ, க்யூ என்று பெயர். 48 கிலோஹெர்ட்ஸ் கார்டில் நடுவிலிருந்து இருபுறமும் 24 வீதம் முழு 48 கிலோஹெர்ட்ஸும் தெரியும்.

பலகையைக் கட்டுவோம்

இந்தக் கலக்கியை உலகம் டெய்லோ டிடெக்டர் என்று அழைக்கிறது. டான் டெய்லோ என்ற அமெரிக்க ஹாம் காப்புரிமை பெற்ற முறை. வேகமாகச் சுழலும் ஒரு நான்கு வழி ஸ்விட்ச், ஆன்டெனாவை நான்கு கெப்பாசிட்டர்களோடு மாறிமாறி இணைக்கிறது. அவ்வளவுதான்.

நல்ல பலகைகளில் எஃப்எஸ்டி3253 என்ற ஸ்விட்ச் ஐசி இருக்கும். ஆனால் அது பொடிசான ஒட்டு ஐசி. முதல்முறை சால்டர் பிடிப்பவருக்கு வேண்டாம். சாதாரண கால் வைத்த 74ஹெச்சி4052 போதும். அதன் உள்தடை அதிகம், கொஞ்சம் சிக்னல் வீணாகும். 7 மெகாஹெர்ட்ஸில் வானத்து இரைச்சலே அதிகம் என்பதால் காதுக்குத் தெரியாது. பழைய சிடி4052ஐக் கொடுத்து "இரண்டும் ஒன்றுதான் சார்" என்பார்கள். ஒன்றல்ல, இந்த வேகத்துக்கு அது வராது. சென்னையென்றால் ரிச்சி தெருவில் ஒரு காலைப்பொழுதில் எல்லாம் கிடைத்துவிடும்: 74ஹெச்சி4052, 74ஹெச்சி74, என்இ5532, 7805, டி50-2 என்ற சிவப்பு வளையம், அலையை உண்டாக்கும் 28.322 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டர் டப்பா. கடைசியது மட்டும் தேட வேண்டியிருக்கலாம். பழைய விஜிஏ கார்டுகளில் இந்த அதிர்வெண் இருந்தது, காயலான் கடையில் பழைய கார்டு கிடைத்தால் பாருங்கள்.

பிரெட்போர்டில் கட்டாதீர்கள், 28 மெகாஹெர்ட்ஸ் அதில் ஒழுங்காக நடக்காது. செப்புத் தகடு ஒட்டிய பலகையைத் தரையாக வைத்து அதன்மேல் கட்டுவது நல்லது, வெரோ போர்டும் பரவாயில்லை. ஒவ்வொரு ஐசியின் மின்காலுக்கும் பக்கத்திலேயே 104 என்று எழுதிய 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று தரைக்குப் போகட்டும்.

மின்சாரம் 12 வோல்ட் யுபிஎஸ் பேட்டரியிலிருந்து, ஒரு 500 மில்லிஆம்பியர் ஃபியூஸ் வழியாக. ஃபியூஸை மறக்காதீர்கள், அந்த பேட்டரி ஷார்ட் ஆனால் கம்பியே பழுத்துவிடும். 7805 அதை 5 வோல்ட்டாக்கி ஆசிலேட்டருக்கும் இரண்டு 74 ஐசிகளுக்கும் தரும். என்இ5532க்கு நேராக 12 வோல்ட்.

ஆசிலேட்டர் டப்பா 14 கால் சாக்கெட்டில் உட்காரும்: 14இல் 5 வோல்ட், 7 தரை, 8இலிருந்து வெளியீடு. அந்த வெளியீட்டை 74ஹெச்சி74இன் 3, 11 ஆகிய இரண்டு கால்களுக்கும் கொடுங்கள். கால் 8ஐ 2க்கும், 5ஐ 12க்கும் இணையுங்கள். 1, 4, 10, 13 நான்கும் 5 வோல்ட்டுக்கு. 14இல் 5 வோல்ட், 7இல் தரை. இப்போது 5, 9 ஆகிய கால்களில் நான்கில் ஒரு பங்கு அதிர்வெண், அதாவது 7.0805 மெகாஹெர்ட்ஸ், சரியாக 90 பாகை இடைவெளியில் வரும்.

அதன் கால் 5ஐ 74ஹெச்சி4052இன் கால் 10க்கும், கால் 9ஐ அதன் கால் 9க்கும் கொண்டுபோங்கள். 4052இல் 16இல் 5 வோல்ட். 6, 7, 8 மூன்றும் தரை. இந்த ஐசிக்குள் ஒரே மாதிரி இரண்டு ஸ்விட்சுகள் இருக்கின்றன. இரண்டையும் இணையாகக் கட்டினால் தடை பாதியாகும்: 13உடன் 3, 12உடன் 1, 14உடன் 5, 15உடன் 2, 11உடன் 4. பொதுக் காலான 13-3 ஜோடிக்கு 5 வோல்ட்டிலிருந்து ஒரு 10 கிலோஓம், தரையிலிருந்து ஒரு 10 கிலோஓம் வைத்து 2.5 வோல்ட்டில் நிறுத்துங்கள். மற்ற நான்கு ஜோடிகளிலிருந்தும் தரைக்கு ஆளுக்கொரு 10 நானோஃபாரட் பாலியெஸ்டர் கெப்பாசிட்டர். பத்துப் பன்னிரண்டு வாங்கி, மல்டிமீட்டரில் அளந்து, மிக நெருங்கிய நான்கைப் பொறுக்குங்கள். செலவு சில ரூபாய்தான், பலன் பெரிது.

எல்லோரும் குழம்புகிற இடம் அடுத்தது. ஸ்விட்ச் 0, 1, 2, 3 என்று வரிசையாகப் போவதில்லை. 0, 1, 3, 2 என்று போகும். ஆகவே எதிரெதிர் ஜோடிகள் 12உம் 11உம் ஒன்று, 14உம் 15உம் மற்றொன்று. முதல் ஜோடி ஐ, இரண்டாவது க்யூ.

என்இ5532க்குள் ஆப்-ஆம்ப் எனப்படும் பெருக்கிகள் இரண்டு, ஜோடிக்கு ஒன்று. ஒவ்வொரு முனையிலிருந்தும் 1 மைக்ரோஃபாரட் பாலியெஸ்டரும் 1 கிலோஓமும் தொடராக வந்து, ஜோடியில் ஒன்று பிளஸ் உள்ளீட்டிலும் மற்றது மைனஸ் உள்ளீட்டிலும் சேரட்டும். மைனஸிலிருந்து வெளியீட்டுக்கு 47 கிலோஓம். பிளஸிலிருந்து 47 கிலோஓம், 6 வோல்ட் புள்ளிக்கு. 12 வோல்ட்டுக்கும் தரைக்கும் நடுவே இரண்டு 10 கிலோஓம் வைத்து, நடுப் புள்ளியில் 100 மைக்ரோஃபாரட் தரைக்குக் கொடுத்தால் அதுதான் 6 வோல்ட் புள்ளி. இதனால் சிக்னல் 47 மடங்கு பெருகும். வெளியீட்டிலிருந்து 10 மைக்ரோஃபாரட், 100 ஓம் வழியாக ஒன்று இடது தடத்துக்கும் மற்றொன்று வலது தடத்துக்கும். ரெசிஸ்டர்கள் 1 சதவீத மெட்டல் ஃபிலிமாக இருக்கட்டும்.

ஆன்டெனாவுக்கும் ஸ்விட்சுக்கும் நடுவே ஒரு வடிகட்டி வேண்டும். இல்லையென்றால் மூன்று மடங்கான 21 மெகாஹெர்ட்ஸ் நிலையங்களும் உள்ளே குதிக்கும். சிவப்பு வளையத்தில் 20 சுற்று எனாமல் கம்பி, அதன் இரு முனைகளிலும் தரைக்கு ஒவ்வொரு 390 பிகோஃபாரட். அங்கிருந்து 0.1 மைக்ரோஃபாரட் வழியாக 13-3 ஜோடிக்கு. கம்பி வளையத்துக்குள்ளே ஒருமுறை நுழைந்தாலே அது ஒரு சுற்று என்று எண்ண வேண்டும்.

உயிர் வந்ததா?

கணினியோடு இணைக்கும் முன் மல்டிமீட்டரால் பாருங்கள். 74ஹெச்சி74இன் 5, 9 கால்கள் இரண்டிலும் ஏறக்குறைய 2.5 வோல்ட் காட்ட வேண்டும். பாதி நேரம் 5, பாதி நேரம் 0 என்பதன் சராசரி அது. ஒன்று 0 அல்லது 5இல் நின்றால் அதிர்வெண்ணை நான்காகப் பிரிக்கும் அந்த ஐசி ஓடவில்லை. என்இ5532இன் இரு வெளியீடுகளிலும் 6 வோல்ட் இருக்க வேண்டும். முதலில் பலகைக்கு மின்சாரம் கொடுத்துவிட்டு, சில நொடி கழித்து லைன்-இன்னில் செருகுங்கள், சவுண்ட் கார்டு அதிர்ச்சி வாங்காமல் தப்பிக்கும்.

ஆன்டெனா, நல்லதென்றால் 20 மீட்டர் கம்பியை நடுவில் வெட்டிய டைபோல். இடமில்லாவிட்டால் மொட்டைமாடியில் 10 மீட்டர் கம்பியும் ஒரு எர்த் இணைப்பும் போதும். மின்கம்பிக்கு அருகே இழுக்காதீர்கள். இடி வரும்போல் இருந்தால் உடனே கழற்றி வெளியே போடுங்கள்.

மென்பொருள்

விண்டோஸுக்கு ஹெச்டிஎஸ்டிஆர், லினக்ஸுக்கு குவிஸ்க். இரண்டும் இலவசம். ஹெச்டிஎஸ்டிஆரில் எஃப்5 அழுத்தி உள்ளீடாக லைன்-இன்னையும் வெளியீடாக ஸ்பீக்கரையும் தேர்ந்தெடுங்கள். எஃப்6இல் கார்டின் வேகம். எல்ஓ என்ற இடத்தில் நாம் உண்டாக்கும் அலையின் அதிர்வெண்ணை, 7080500 என்று எழுதுங்கள். ஆன்டெனாவைச் செருகும்போது திரையின் அடிமட்ட இரைச்சல் சட்டென்று உயர வேண்டும். உயர்ந்தால் ரேடியோ வேலை செய்கிறது.

7.074இல் எப்போதும் கூட்டம் இருக்கும். எஃப்டி8 என்ற டிஜிட்டல் முறையில் உலக ஹாம்கள் அங்கே 15 நொடிக்கு ஒருமுறை சேர்ந்து விசிலடித்து, சேர்ந்து நிறுத்துவார்கள். திரையில் அது படிக்கட்டு போலத் தெரியும். அந்தக் கூட்டம் 7.074க்கும் 7.077க்கும் நடுவே தெரிந்தால் எல்லாம் சரி. 7.084க்கும் 7.087க்கும் நடுவே தெரிந்தால் ஐயும் க்யூவும் இடம் மாறியிருக்கின்றன. ஆப்ஷன்ஸில் மாற்றலாம், கம்பியையும் மாற்றலாம். சில நூறு ஹெர்ட்ஸ் தள்ளித் தெரிந்தால் ஆசிலேட்டர் டப்பா அச்சிட்ட எண்ணில் சரியாக ஓடவில்லை, எல்ஓ எண்ணைக் கொஞ்சம் திருத்துங்கள்.

ஒலியை விபி-கேபிள் போன்ற மெய்நிகர் கேபிள் வழியாக டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் மென்பொருளுக்குக் கொடுத்தால் யார் எந்த நாட்டிலிருந்து கூப்பிடுகிறார் என்று எழுத்தாகவே வரும். கணினிக் கடிகாரம் ஒரு நொடிக்குமேல் பிசகாமல் இருக்க வேண்டும். பேச்சைக் கேட்க எல்எஸ்பி (கீழ்ப் பக்கப்பட்டை) முறைக்கு மாற்றுங்கள். பகலில் சில நூறு கிலோமீட்டர் சுற்றளவு, இருட்டிய பிறகு கடல்தாண்டியும் கேட்கும். கேட்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பதில் பேச மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் அமெச்சூர் உரிமம் வேண்டும்.

வழக்கமான தொல்லைகள்

திரையின் நடுவில் ஒரு கொம்பும் அதைச் சுற்றி 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் இருக்கும். முழுக்கப் போகாது, அந்த ஒன்றிரண்டு கிலோஹெர்ட்ஸை விட்டுத்தள்ளுங்கள். மிக அதிகமாக இருந்தால் லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டுங்கள்.

பலத்த நிலையத்தின் மங்கலான பிம்பம் நடுக்கோட்டுக்கு மறுபுறம் தெரிந்தால் ஐ, க்யூ இரண்டும் சமமாக இல்லை. 1 பாகை பிசகினாலே பிம்பம் உண்மை சிக்னலைவிட ஏறக்குறைய 41 டெசிபல்தான் கீழே இருக்கும். மென்பொருளின் சமன்செய்யும் பகுதியில் வீச்சையும் கோணத்தையும் மாறிமாறி நகர்த்திப் பிம்பத்தை அமுக்கலாம். பிம்பம் அசலுக்குச் சமமான பலத்தில் இருந்தால் சமன்செய்து பயனில்லை. ஒரு தடம் செத்திருக்கிறது, இல்லை கார்டு மோனோ.

திரை முழுக்கச் சம இடைவெளியில் மேடுகள் தெரிந்தால் வீட்டில் ஏதோ ஒரு சார்ஜரோ எல்இடி பல்போ காரணம். ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வாருங்கள். என் வீட்டில் குற்றவாளி மாடிப்படி விளக்கு.

ஆசிலேட்டரைச் சாக்கெட்டில் வைக்கச் சொன்னது வேறு பட்டைக்குப் போகத்தான். 28.636 மெகாஹெர்ட்ஸ் டப்பாவை மாட்டினால் நடுப்புள்ளி 7.159க்கு நகரும், பலகையில் வேறெதுவும் மாற்ற வேண்டாம். 14.318 டப்பாவை மாட்டினால் 3.5795 மெகாஹெர்ட்ஸ், அது 80 மீட்டர் ஹாம் பட்டை. அதற்கு வடிகட்டியில் சிவப்பு வளையத்தை 28 சுற்றாக்கி, இரண்டு 390 பிகோஃபாரட்களையும் 820ஆக மாற்றுங்கள்.